போட்டோவிலிருந்து ஓவியமும் பென்சில் ஸ்கெட்சும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிம்ப் அல்லது போட்டோஷாப்பில் போட்டோக்களைப் பென்சில் ஸ்கெட்ச், ஆயில் பெயின்டிங், வாட்டர்கலர் போல மாற்றிப் பிரிண்ட் போட்டு மாட்ட நினைப்பவர்களுக்கான பக்கம் இது. கீழே வரும் எண்கள் எல்லாம் நீளப் பக்கம் 3000 பிக்சல் உள்ள படத்துக்கானவை. உங்கள் படம் 6000 பிக்சல் என்றால் பிளர், பிரஷ் அளவுகளை இரண்டு மடங்காக்குங்கள். 1500 என்றால் பாதியாக்குங்கள்.

ஒரே செட்டிங்கை வேறு படத்தில் போட்டால் ஏன் வேறு மாதிரி வருகிறது?

ஃபில்டருக்கு முகம் எது, மரம் எது என்று தெரியாது. அது பிக்சலை மட்டுமே எண்ணுகிறது. 10 பிக்சல் அகலமுள்ள தூரிகைத் தடம் 1000 பிக்சல் படத்தில் மூக்கின் பாதியை மூடிவிடும். 6000 பிக்சல் படத்தில் கண்ணுக்கே தெரியாது. இணையத்தில் யாரோ சொன்ன எண்ணைப் போட்டும் ஒன்றும் நடக்கவில்லை என்றால், பெரும்பாலும் காரணம் இதுதான். முதலில் எந்த அளவில் பிரிண்ட் போடப்போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள், படத்தை அந்தப் பிக்சல் அளவுக்குக் கொண்டுவாருங்கள், அதன் பிறகு ஃபில்டரைத் தொடுங்கள்.

எந்த மென்பொருள் வேண்டும்?

கிம்ப் போதும், இலவசம். அதனுடன் ஜிமிக் என்ற இலவசச் செருகுநிரலையும் நிறுவுங்கள். பிரான்சின் கான் நகரத்தில் உள்ள கிரேக் ஆய்வகத்தில் 2008 முதல் வளர்ந்துவரும் இதில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட ஃபில்டர்கள் உண்டு. போட்டோஷாப் கையில் இருந்தால் அதன் ஆயில் பெயின்ட் ஃபில்டர் ஒரு பெரிய வசதி. மற்ற வேலைகளில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

2025 மார்ச்சில் வந்த கிம்ப் 3.0-இல் ஃபில்டரைப் போட்ட பிறகும் அதன் அளவுகளை மாற்ற முடியும். பழைய 2.10-இல் போட்டால் போட்டதுதான்; எனவே ஒவ்வொரு படிக்கும் லேயரை (ஒன்றின் மேல் ஒன்றாக வைக்கும் பட அடுக்கை) நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். போட்டோஷாப்பில் லேயரை ஸ்மார்ட் ஆப்ஜெக்டாக மாற்றிவிட்டு ஃபில்டர் போட்டால் இதே வசதி கிடைக்கும்.

எப்படிப்பட்ட போட்டோ எடுபடும்?

ஒரு பக்கத்திலிருந்து வெளிச்சம் விழும் படம். ஜன்னலோரம், திண்ணை, மாலை வெயில் எல்லாம் நல்லவை. நேர் ஃபிளாஷில் எடுத்த முகத்தில் நிழலே இருக்காது. நிழல் இல்லாவிட்டால் மூக்கும் கன்னமும் ஒரே தட்டையாகி, ஸ்கெட்சில் இரண்டு புள்ளியும் ஒரு கோடும்தான் மிஞ்சும்.

கண்ணைப் பாதி மூடிக்கொண்டு படத்தைப் பாருங்கள். வெளிச்சம், இருட்டு என்று நாலைந்து பெரிய திட்டுகளாகப் பிரிந்து தெரிந்தால் நல்ல ஓவியம் வரும். எல்லாம் ஒரே இரைச்சலாகத் தெரிந்தால் எந்த ஃபில்டரும் காப்பாற்றாது. சீரியல் லைட்டும் பூ அலங்காரமும் நிறைந்த கல்யாண மேடைப் படங்கள் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகைதான். அப்படிப்பட்ட படத்தில் பின்னணியைத் தனியாகத் தேர்வு செய்து, 40 முதல் 60 பிக்சல் காஸியன் பிளர் (சீராக மங்கலாக்கும் ஃபில்டர்) போட்டு, கொஞ்சம் இருட்டாக்கிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். ஓவியர் தனக்குத் தேவையில்லாததை வரையவே மாட்டார். ஃபில்டருக்கு அந்தத் தேர்வு தெரியாது. அதை நீங்கள் முன்னதாகவே செய்து கொடுக்க வேண்டும். இந்தப் பக்கத்தில் வரும் பாதி பதில்களுக்கு அடிப்படை இதுதான்.

குழுப் படமாக இருந்தால் ஒரு முகம் நெற்றியிலிருந்து மோவாய் வரை எத்தனை பிக்சல் என்று அளந்து பாருங்கள். 300-க்குக் கீழே போனால் கண், வாய் இரண்டும் கரைந்துபோகும். 500-க்கு மேல் இருந்தால் நிம்மதி.

வாட்ஸ்அப்பில் வந்த படத்தை வைத்துச் செய்யலாமா?

முடிந்தால் வேண்டாம். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கி, ஜேபிஜி தரத்தையும் குறைத்துத்தான் அனுப்புகிறது. ஜேபிஜி ஒரு படத்தை 8×8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்கும். அதிகம் சுருக்கினால் கட்டங்களின் ஓரம் லேசாகத் தெரியும். போட்டோவாகப் பார்க்கும்போது அது உறுத்தாது. ஸ்கெட்ச் ஃபில்டரின் வேலையே ஓரங்களைத் தேடிப் பிடிப்பதுதான் என்பதால், கன்னத்திலும் வானத்திலும் சதுரச் சதுரமாகக் கோடு விழும். அனுப்புபவரிடம் படத்தை ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள். அப்போது மூலக் கோப்பு அப்படியே வரும்.

வேறு வழியில்லை என்றால் படத்தை இரண்டு மடங்கு பெரிதாக்கி, நாய்ஸ் ரிடக்ஷன் (படத்தில் உள்ள பொடிப் புள்ளிகளைக் குறைப்பது) போட்டு, ஆயில் பெயின்டிங் பக்கம் போங்கள். பெயின்டிங் ஃபில்டர் புதிய தடங்களை உருவாக்குவதால் மங்கலை மறைக்கும். பென்சில் ஸ்கெட்ச் அப்படி மன்னிக்காது.

பென்சில் ஸ்கெட்சுக்கு நம்பகமான முறை எது?

ஆயத்த ஃபில்டர்களைவிடக் கலர் டாட்ஜ் முறைதான் முகத்துக்கு நன்றாக வரும். படிகள்:

1. லேயரை நகலெடுங்கள் (போட்டோஷாப்பில் கன்ட்ரோல் + ஜே). கீழே உள்ள மூல லேயரைத் தொடாமல் பத்திரமாக வையுங்கள்.
2. நகலை டீசாச்சுரேட் செய்து கருப்பு வெள்ளையாக்குங்கள். கிம்பில் ‘லூமினன்ஸ்’ வகையைத் தேர்ந்தெடுங்கள்.
3. இந்தக் கருப்பு வெள்ளை லேயரை இன்னொரு நகல் எடுத்து, மேல் நகலை இன்வர்ட் செய்யுங்கள். நெகட்டிவ் போலத் தெரியும்.
4. மேல் லேயரின் பிளெண்ட் மோடை, அதாவது கீழ் லேயரோடு கலக்கும் விதத்தை, போட்டோஷாப்பில் ‘கலர் டாட்ஜ்’, கிம்பில் ‘டாட்ஜ்’ என்று மாற்றுங்கள். படம் ஏறத்தாழ முழு வெள்ளையாகிவிடும். பயப்படவேண்டாம், அப்படித்தான் ஆக வேண்டும்.
5. மேல் லேயருக்குக் காஸியன் பிளர் போடுங்கள். 10 முதல் 20 பிக்சலுக்குள் மெதுவாக ஏற்றினால் கோடுகள் எழுந்து வருவதைப் பார்க்கலாம்.
6. எல்லாம் சேர்ந்து தெரியும் தோற்றத்தை மேலே ஒரு புதிய லேயராக்கி (கீழ் லேயர்கள் அப்படியே இருக்கட்டும்), லெவல்ஸ் என்ற வெளிச்ச அளவுப் பெட்டியில் நடு முக்கோணத்தை வலப்பக்கம் கொஞ்சம் நகர்த்திக் கோடுகளை அடர்த்தியாக்குங்கள்.

ஐந்தாம் படியில் எண் என்ன என்பதுதான் ஸ்கெட்சின் குணத்தைத் தீர்மானிக்கிறது. 4, 5 பிக்சல் என்றால் கூர்ந்த பென்சிலில் போட்ட மெல்லிய கோடு. 15 என்றால் ஓரங்களில் லேசான நிழலும் சேரும். 60-ஐத் தாண்டினால் கோடு மறைந்து, கரித்தூள் தேய்த்த மாதிரி ஆகி, மறுபடி போட்டோவை நோக்கிப் போகத் தொடங்கும். குழந்தை முகத்துக்கு 10-க்குள் வையுங்கள். வயதானவர் முகத்தில் சுருக்கங்கள் அழகு. 20 வரை தாங்கும்.

அது எப்படிக் கோடாக மாறுகிறது?

டாட்ஜ் என்பது ஒரு வகுத்தல். கீழ் லேயரின் மதிப்பை, மேல் லேயரின் தலைகீழ் மதிப்பால் வகுக்கிறது. மேல் லேயர் ஏற்கெனவே நெகட்டிவ் என்பதால் தலைகீழின் தலைகீழாகி, கடைசியில் நடப்பது இவ்வளவுதான்: ஒவ்வொரு பிக்சலும் தன்னைச் சுற்றியுள்ள சராசரியால் வகுக்கப்படுகிறது.

பிக்சலின் மதிப்பு 0 என்றால் கருப்பு, 255 என்றால் வெள்ளை. கன்னத்தில் ஒரு பிக்சல் 120, சுற்றுச் சராசரியும் 120 என்றால் விகிதம் 1. அதாவது முழு வெள்ளை, 255. இமை ஓரத்தில் ஒரு பிக்சல் 60, சுற்றுச் சராசரி 120 என்றால் விகிதம் பாதி, நடுத்தரச் சாம்பல். சராசரியைவிட வெளிச்சமான பிக்சல் 255-ஐத் தாண்டி வெட்டப்பட்டு வெள்ளையாகவே நிற்கும். அதனால்தான் ஓரத்தின் இருண்ட பக்கத்தில் மட்டும் கோடு விழுகிறது. பென்சிலில் வரைபவர் கையும் அப்படித்தான் போகும். இதைப் புரிந்துகொண்டால் அடுத்த மூன்று சிக்கல்களுக்கும் விடை தானாகத் தெரியும்.

கருப்புத் தலைமுடி ஏன் வெள்ளையாகிவிடுகிறது?

முடியின் நடுவில் எல்லாப் பிக்சலும் ஒரே கருப்பு. சராசரியும் அதே கருப்பு. விகிதம் 1, எனவே வெள்ளை. கருநீலப் பட்டுப்புடவைக்கும் மீசைக்கும் இதே கதிதான். நம் ஊர் முகங்களில் முடியின் அடர்த்தி போனால் ஆளே மாறிவிடுகிறார். இந்தத் திருத்தத்தைச் செய்யாமல் விடாதீர்கள்.

இரண்டாம் படியில் செய்த கருப்பு வெள்ளை லேயரை நகலெடுத்து எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள். மோடு ‘மல்டிப்ளை’ (கீழ் லேயரை இருட்டாக்கும் கலவை), ஒப்பாசிட்டி (லேயர் எவ்வளவு அழுத்தமாகத் தெரியும் என்ற அளவு) 25 முதல் 40 சதவீதம். பிறகு லேயர் மாஸ்க் (கருப்புத் தீட்டிய இடத்தில் லேயரை மறைக்கும் திரை) போட்டு, முகத்தின் தோல்பகுதியில் கருப்புப் பிரஷால், 50 சதவீத ஒப்பாசிட்டியில் லேசாகத் துடையுங்கள். முடி, புருவம், கண்மணி, ஆடையில் மட்டும் நிறம் நிற்கும். தோல் காகிதம் போல வெளுப்பாக இருக்கும்.

நிழலில் புள்ளி புள்ளியாக அழுக்கு வருகிறதே?

அதுவும் வகுத்தலால்தான். வெளிச்சமான இடத்தில் 196-க்கும் 200-க்கும் உள்ள 4 மதிப்பு வித்தியாசம் வெளியீட்டில் 250 ஆகும், கண்ணுக்குத் தெரியாது. இருட்டில் 8-க்கும் 12-க்கும் உள்ள அதே 4 வித்தியாசம் 170 ஆகிவிடும். தெளிவான சாம்பல் புள்ளி. கேமராவின் நாய்ஸ் இருட்டில்தான் தங்கும், ஃபில்டர் அதைத்தான் பெரிதாக்கும். தொடங்கும் முன்பே நாய்ஸ் ரிடக்ஷன் போட்டு, கர்வ்ஸ் என்ற வெளிச்ச வளைகோட்டில் இடக்கோடிப் புள்ளியை மேலே தூக்கி, மிக இருண்ட பகுதிகூட 30-க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படியில் வெள்ளையாகாமல் சாம்பலாக நிற்கிறது. எங்கே தப்பு?

கிம்பில் ‘இன்வர்ட்’, ‘லீனியர் இன்வர்ட்’, ‘வேல்யூ இன்வர்ட்’ என்று மூன்று உண்டு. முதலாவதுதான் வேண்டும். அது சரியென்றால், மேல் லேயரின் ஒப்பாசிட்டி 100 இல்லை, அல்லது இரண்டு லேயரும் ஒரே கருப்பு வெள்ளையின் நகல்கள் இல்லை.

ஸ்கெட்சுக்குக் கொஞ்சம் நிறம் வேண்டும்.

மூலக் கலர் லேயரை நகலெடுத்து மேலே வைத்து, மோடைப் போட்டோஷாப்பில் ‘கலர்’, கிம்பில் ‘எச்எஸ்எல் கலர்’ ஆக்குங்கள். ஒப்பாசிட்டி 30 முதல் 50. அதற்கு மேல் ஏற்றினால் கலர் பென்சில் தோற்றம் போய், வெளுத்த போட்டோ ஆகிவிடும்.

கையால் கோடிழுத்த நிழல், அதாவது ஹாட்சிங், எப்படிக் கொண்டுவருவது?

தனியாக ஒரு வெள்ளை லேயர் போடுங்கள். அதில் கருப்பு வெள்ளை நாய்ஸை நிறையச் சேருங்கள். பிறகு மோஷன் பிளர்: கோணம் 45 டிகிரி, நீளம் 30 முதல் 40 பிக்சல். லெவல்ஸில் இரண்டு முனைகளையும் நெருக்கினால் சாய்ந்த பென்சில் கீற்றுகள் கிடைக்கும். மோடு மல்டிப்ளை.

இப்போது இது படம் முழுக்கப் பரவியிருக்கும். நிழலில் மட்டும் நிற்க வேண்டும். இந்த லேயருக்கு வெள்ளை மாஸ்க் சேர்த்து, போட்டோவின் கருப்பு வெள்ளை நகலை அந்த மாஸ்க்குக்குள் ஒட்டி, மாஸ்க்கை இன்வர்ட் செய்யுங்கள். வெளிச்சப் பகுதியில் கீற்று மறைந்து, கழுத்தடி, மூக்கோரம், புடவை மடிப்பில் மட்டும் நிற்கும். இன்னொரு லேயரில் இதையே எதிர்க் கோணத்தில் செய்து, மாஸ்க்கை லெவல்ஸால் இறுக்கி மிக இருண்ட இடங்களில் மட்டும் விட்டால் குறுக்குக் கீற்று. பத்து நிமிட வேலைதான். ஆனால் ஃபில்டர் வாடையைப் போக்க இதைவிட நல்ல வழி இல்லை.

பேனா மையில் வரைந்த கோட்டோவியம் வேண்டுமென்றால்?

கிம்பில் ஆர்ட்டிஸ்டிக் பட்டியலில் உள்ள ‘போட்டோகாப்பி’ விரைவான வழி. ‘எட்ஜ் டிடெக்ட்’ பட்டியலில் ‘டிஃபரன்ஸ் ஆஃப் காஸியன்ஸ்’ இன்னும் சுத்தமாக வரும். டி-ஷர்ட், ரப்பர் ஸ்டாம்ப், லேசர் வெட்டு போன்றவற்றுக்கு அந்தக் கோட்டுப் படத்தை இங்க்ஸ்கேப்பில் திறந்து ‘ட்ரேஸ் பிட்மேப்’ செய்து வெக்டராக்கிவிடுங்கள். எத்தனை பெரிதாக்கினாலும் உடையாது.

ஆயில் பெயின்டிங்குக்குப் போட்டோஷாப்பில் என்ன அளவுகள்?

ஃபில்டர் > ஸ்டைலைஸ் > ஆயில் பெயின்ட். ஆறு விசைகள், ஒவ்வொன்றும் என்ன செய்கிறது என்று தெரிந்தால்தான் கட்டுப்படுத்த முடியும்.

‘ஸ்டைலைசேஷன்’ குறைவாக இருந்தால் ஒற்றி எடுத்தது போல, கூடினால் வழுவழுப்பான தடம். ‘கிளீன்லினஸ்’ தடத்தின் நீளம்: 0-இல் துண்டு துண்டு, 10-இல் நீண்டு ஓடும். ‘ஸ்கேல்’ என்பது பெயின்டின் கனம். ‘பிரிஸ்டில் டீடெய்ல்’ தூரிகை மயிர் கீறிய பள்ளங்கள். கடைசி இரண்டும் வெளிச்சத்தின் கோணமும் ‘ஷைன்’ என்ற பளபளப்பும்.

முகப்படத்துக்குத் தொடக்க அளவு: ஸ்டைலைசேஷன் 4, கிளீன்லினஸ் 6, ஸ்கேல் 0.8, பிரிஸ்டில் 2, ஷைன் 0.5. வயல், கோயில் குளம், தெரு போன்ற காட்சிகளுக்கு ஸ்கேல் 2, பிரிஸ்டில் 5, ஷைன் 1.3 வரை போகலாம். வெளிச்சக் கோணத்தைப் போட்டோவில் வெயில் வரும் திசைக்கே வையுங்கள். முகத்தில் வெளிச்சம் இடப்பக்கமிருந்தும், பெயின்ட் மேடுகளில் வலப்பக்கமிருந்தும் வந்தால், காரணம் புரியாமலே பார்ப்பவருக்கு உறுத்தும்.

ஷைனை 3, 4 என்று ஏற்றிப் படம் முழுவதையும் பிளாஸ்டிக் பூசியது போல ஆக்குவதுதான் அதிகம் பார்க்கும் தவறு. தாத்தா பாட்டி படத்தை ஆயில் பெயின்டிங்காகக் கேட்பவர்கள் பெரும்பாலும் மனத்தில் வைத்திருப்பது ரவிவர்மா பாணியை. அதில் தோலில் தூரிகைத் தடமே தெரியாத அளவுக்கு நிறங்கள் இழைந்திருக்கும். டச்சு ஓவியர் வான்கா போலச் சுழலும் கனத்த தடம் அவர்கள் எதிர்பார்ப்பது அல்ல. யாருக்கு, எந்தப் பாணி என்று கேட்டுவிட்டு விசையைத் தொடுங்கள்.

ஆயில் பெயின்ட் ஃபில்டர் மங்கலாக, தேர்வு செய்ய முடியாமல் இருக்கிறது.

படம் சிஎம்ஒய்கே அல்லது லேப் கலர் மோடில் இருக்கலாம், ஆர்ஜிபிக்கு மாற்றுங்கள். அது சரியென்றால் ப்ரிஃபரன்சஸ் > பெர்ஃபார்மன்ஸில் ‘யூஸ் கிராஃபிக்ஸ் ப்ராசசர்’ தேர்வாகியிருக்கிறதா பாருங்கள். மிகப் பழைய கிராஃபிக்ஸ் கார்டில் இது ஓடாது. 2014-இல் வந்த சிசி பதிப்பில் இந்த ஃபில்டரையே எடுத்துவிட்டு, 2015-இல் திருப்பித் தந்தார்கள். அந்த இடைப்பட்ட பதிப்பு வைத்திருப்பவர்கள் தேடிப் பயனில்லை. போட்டோஷாப்பின் ‘ஃபில்டர் கேலரி’ மங்கலாக இருந்தால் காரணம் வேறு: படம் 16 பிட்டில் இருக்கும். 8 பிட்டுக்கு மாற்றுங்கள்.

கிம்பில் ஆயில் பெயின்டிங்?

‘ஆயிலிஃபை’ என்று ஒன்று உண்டு; அது அந்த வட்டாரத்தில் அதிகம் வரும் நிறத்தை எடுத்துப் பரப்புவது. மாஸ்க் ரேடியஸ் 8 முதல் 12 வைத்தால் காட்சிப் படங்களுக்குப் பரவாயில்லை. முகத்துக்கு ஜிமிக்கில் ‘குவஹாரா’ என்று தேடி, ரேடியஸ் 5, இரண்டு சுற்று என்று தொடங்குங்கள். கனத்த தடத்துக்கு அங்கேயே ‘பிரஷிஃபை’. ஆனால் பெரிய படத்தில் நேரம் எடுக்கும், சிறு பகுதியில் முன்னோட்டம் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

குவஹாரா என்பது ஜப்பானிய ஆய்வாளர் மிச்சியோஷி குவஹாராவின் பெயர். 1976-இல் இதயப் படங்களில் நாய்ஸை நீக்க வெளியான முறை இது. ஒவ்வொரு பிக்சலையும் சுற்றி நான்கு சதுரங்களை எடுத்து, எதில் ஏற்ற இறக்கம் மிகக் குறைவோ அதன் சராசரியை மட்டும் ஏற்றுக்கொள்ளும். சாதாரண பிளர் கன்னத்தையும் பின்னணியையும் கலந்துவிடும். இது ஒருபோதும் ஓரத்தைத் தாண்டிக் கலக்காது. அதனால் உள்ளே தட்டையான நிறத் திட்டு, ஓரத்தில் கூர்மை. தட்டைத் தூரிகையால் வைத்த பெயின்ட் அப்படித்தான் இருக்கும். மருத்துவத்துக்கு வந்தது ஓவியத்துக்குப் பயன்பட்ட கதை இது.

புடவையிலும் சுவரிலும் நெளிநெளியாக வருகிறது. ஏன்?

பெயின்ட் ஃபில்டர் ஒவ்வொரு இடத்திலும் வெளிச்சம் எந்தத் திசையில் மாறுகிறது என்று பார்த்து, அதற்குக் குறுக்காக, ஓரங்களின் ஓட்டத்தோடு தடத்தை இழுக்கிறது. முடியிலும் மடிப்பிலும் திசை தெளிவாக இருப்பதால் அழகாக வரும். வெறும் சுவரில் திசையே இல்லை. அங்கே இருப்பது நாய்ஸ் மட்டும். ஃபில்டர் அதைத் திசையாக எடுத்துக்கொண்டு நெளியும். ஜரிகையில் நிலைமை இதற்கு நேர்மாறு: சிறு இடத்துக்குள் நூறு திசைகள்.

சுவருக்கு முன்னதாகவே ‘சர்ஃபேஸ் பிளர்’ ரேடியஸ் 15, த்ரெஷோல்ட் 15 போட்டு நாய்ஸைக் கொன்றுவிடுங்கள். ஜரிகைப் பார்டரை மாஸ்க் செய்து, அங்கே மட்டும் ஸ்கேலைக் குறைத்த இரண்டாவது நகலை வையுங்கள்.

முகம் மழுங்கி, கண்ணில் உயிரே இல்லையே?

ஒரே அளவுத் தடத்தை வைத்து எந்த ஓவியரும் முழுப் படத்தை வரைவதில்லை. பின்னணிக்குப் பட்டைத் தூரிகை, ஆடைக்கு நடுத்தரம், கண்ணுக்கு நுனித் தூரிகை. அதையே மூன்று லேயரில் செய்யுங்கள். கீழே கனத்த தடம், நடுவில் மிதமான தடம், மேலே மிக மெல்லிய தடம். மேல் இரண்டுக்கும் கருப்பு மாஸ்க் போட்டு, நடு லேயரை ஆள் இருக்குமிடத்திலும், மேல் லேயரைக் கண், மூக்குத்துளை, உதட்டுக் கோடு, காது ஓரத்திலும் வெள்ளைப் பிரஷால் திறந்துவிடுங்கள். பிரஷின் ஹார்ட்னஸ் (ஓரக் கூர்மை) 0.

கண்ணில் இன்னும் ஒரு வேலை: கண்மணியில் விழும் அந்தச் சிறு வெளிச்சப் பொட்டு. ஃபில்டர் அதை முதலில் தின்றுவிடும். புது லேயரில், 6 முதல் 8 பிக்சல் பிரஷால், மூலப் படத்தில் இருந்த அதே இடத்தில் வெள்ளைக்குச் சற்றுக் குறைந்த நிறத்தில் ஒரே ஒரு பொட்டு. இரண்டு கண்ணிலும் ஒரே பக்கம் இருக்க வேண்டும்.

மூலப் போட்டோவை 30 சதவீதத்தில் முகத்தின் மேல் கலக்கச் சொல்லும் குறிப்புகள் உண்டு. தூரத்திலிருந்து பார்க்கச் சரியாக இருக்கும். கிட்டே போனால் தோலின் துவாரங்களும் தூரிகைத் தடமும் ஒன்றின் மேல் ஒன்று தெரிந்து போலியாகிவிடும். மூன்று லேயர் முறையே நல்லது.

வாட்டர்கலர் எடுத்தால் ஏன் இருண்டு அழுக்காகிறது?

ஃபில்டர் கேலரியில் உள்ள ‘வாட்டர்கலர்’ நிழலை மேலும் கருப்பாக்கும். ஷேடோ இன்டென்சிட்டியை 0 வைத்தாலும் இருட்டும். நிஜ வாட்டர்கலரில் வெள்ளை என்பது காகிதத்தின் வெள்ளை. கன்னங்கரேல் என்ற இடம் அரிது. அதனால் தொடங்கும் முன்பே படத்தை வழக்கத்தைவிட வெளுப்பாக்குங்கள்: லெவல்ஸின் கீழ்ப் பட்டையில் கருப்பு முனையை 40-க்கு நகர்த்துங்கள், ஹைலைட்டை வெள்ளையாகவே விட்டுவிடுங்கள், நிறச் செறிவைக் கொஞ்சம் ஏற்றுங்கள்.

பிறகு ‘டிரை பிரஷ்’ அல்லது ‘மீடியன்’ 8 பிக்சல். அடுத்ததுதான் முக்கியம்: வாட்டர்கலர் காயும்போது நிறத்துகள்கள் ஓரத்துக்கு ஒதுங்கி, திட்டின் விளிம்பு அடர்ந்து நிற்கும், மேசையில் சிந்திய காபி காய்ந்தால் வட்டமாகக் கறை நிற்பதும் இதே காரணத்தால்தான். இதைக் கொண்டுவர, மீடியன் போட்ட லேயரை நகலெடுத்து ‘ஃபைண்ட் எட்ஜஸ்’ போட்டு, டீசாச்சுரேட் செய்து, மல்டிப்ளையில் 25 சதவீதம் வையுங்கள். கிம்பின் ‘எட்ஜ்’ ஃபில்டர் கருப்பில் வெள்ளைக் கோடாகத் தரும். இன்வர்ட் செய்துவிட்டு மல்டிப்ளை போடுங்கள்.

படத்தின் நாலு ஓரத்தையும் நேர்கோட்டில் வெட்டாமல், மாஸ்க்கில் ஒரு ஒழுங்கற்ற பிரஷால் வெள்ளைக் காகிதத்துக்குள் கரையவிடுங்கள்.

காகித, கேன்வாஸ் டெக்ஸ்சர் எப்போது போட வேண்டும்?

எல்லாவற்றுக்கும் கடைசியில், பிரிண்ட் அளவு முடிவான பிறகு. ஒரு கார்ட்ரிட்ஜ் தாளையோ (ஓவியம் வரையும் தடித்த தாள்) கைவினைத் தாளையோ 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) ஸ்கேன் செய்து, கருப்பு வெள்ளையாக்கி, மல்டிப்ளையில் 20 சதவீதம் வைத்தால் சொரசொரப்பு நிஜ அளவிலேயே விழும். இணையத்திலிருந்து எடுத்த டெக்ஸ்சரை இழுத்துப் பெரிதாக்கினால் நூலிழை கயிறு போலத் தெரியும். நிஜக் கேன்வாஸில்தான் பிரிண்ட் போடப்போகிறீர்கள் என்றால் கேன்வாஸ் டெக்ஸ்சரே வேண்டாம். இரண்டு நெசவும் சேர்ந்து அலையலையாகத் தெரியும்.

சார்க்கோல் ஃபில்டர் போட்டால் படம் சிவப்பாக வருகிறது!

ஃபில்டர் கேலரியின் ஸ்கெட்ச் வகை பெரும்பாலும் கருவிப்பெட்டியின் முன், பின் நிறங்களைத்தான் எடுத்துக்கொள்ளும். ‘டி’ விசையை ஒரு முறை அழுத்திக் கருப்பு வெள்ளைக்குத் திரும்பிவிட்டுப் போடுங்கள்.

பழைய ஸ்டுடியோ படத்தை வைத்துச் செய்யும்போது தேன்கூடு மாதிரிக் கட்டம் விழுகிறது.

மேட் பிரிண்டுகளில் சிலவற்றின் தாளிலேயே அந்தப் புடைப்பு இருக்கும். ஸ்கேனரின் விளக்கு ஒரு பக்கத்திலிருந்து விழுவதால் ஒவ்வொரு புடைப்பும் சிறு நிழலோடு பதிவாகும். வழி இது: ஒரு முறை ஸ்கேன் செய்யுங்கள். படத்தை 180 டிகிரி திருப்பி வைத்து மறுபடி ஸ்கேன் செய்யுங்கள். இரண்டாவதைக் கணினியில் நேராக்கி, முதலாவதன் மேல் துல்லியமாகப் பொருத்தி, ஒப்பாசிட்டி 50 வையுங்கள். ஒன்றில் நிழல் விழுந்த பக்கம் மற்றதில் வெளிச்சமாக இருப்பதால் பெரும்பாலும் அடித்துப்போய்விடும்.

சிறிய படங்களை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள். 2×3 அங்குலப் படம் 1200×1800 பிக்சலாகும். அது 8×12 ஓவியப் பிரிண்டுக்குத் தாங்கும். செய்தித்தாளில் அச்சான படம் என்றால் ஸ்கேனரில் அச்சுப் புள்ளிகளை நீக்கும் ‘டீஸ்கிரீன்’ வசதியைப் போடாமல் ஸ்கெட்ச் பக்கமே போகாதீர்கள்.

தஞ்சாவூர் ஓவியமாக மாற்றும் ஃபில்டர் உண்டா?

சரியாகச் செய்யும் ஃபில்டர் இல்லை. அந்த ஓவியத்தின் சாரம் சுண்ணப் பசையால் எழுப்பிய புடைப்பும், அதன் மேல் ஒட்டிய தங்க ரேக்கும், பதித்த கற்களும். முகத்தில் நிறம் தட்டையாக, கோடு தெளிவாக இருக்கும். போட்டோவில் இருக்கும் பக்க வெளிச்சம் அதற்கு நேர் எதிர். உருவத்தைக் கோட்டோவியமாக்கி, அதை அச்செடுத்துப் பலகையில் பிரதி எடுக்கக் கொடுப்பதுதான் உருப்படியான பயன்பாடு.

மொபைல் செயலியே போதாதா? ஏஐயிடம் கொடுத்தால் நொடியில் தருகிறதே?

மொபைலில் ஸ்டேட்டஸ் வைக்கப் போதும். பிரிண்டுக்கு என்றால், சேமித்த படத்தின் பிக்சல் அளவைத் திறந்து பாருங்கள். பல செயலிகளின் இலவசப் பதிப்பு சிறிய அளவில்தான் தரும்.

2016-இல் பிரிஸ்மா என்ற செயலி பிரபலமாக்கிய வகை, ஒரு ஓவியத்தின் தடங்களை உங்கள் படத்துக்கு மாற்றுவது. அதற்கு அடித்தளமான நியூரல் (செயற்கை நரம்பு வலை) முறையை கேட்டிஸ், எக்கர், பெத்கே ஆகிய மூவரும் 2015-இல் வெளியிட்டார்கள். அதில் உருவம் பெரும்பாலும் உங்கள் படத்தின் உருவமே. இப்போதைய படம் உருவாக்கும் ஏஐ வேறு. அது உங்கள் படத்தைப் பார்த்துப் புதிதாக ஒன்றை வரைகிறது. மூக்குத்தி பக்கம் மாறும், புடவைப் பார்டர் வேறாகும், பாட்டியின் முகம் அவர் தங்கை முகம் போல ஆகும். அழகாக இருக்கும், ஆனால் அது அவர் இல்லை. இறந்தவரின் படத்தை மாட்டுவதற்காகச் செய்கிறீர்கள் என்றால் ஃபில்டர் வழியே போங்கள்.

பிரிண்டுக்கு எத்தனை பிக்சல்?

ஸ்கெட்ச் 300 பிபிஐ (அங்குலத்துக்கு 300 பிக்சல்) கேட்கும், கோடு கூர்மையாக இருக்க வேண்டும் என்பதால். 8×12 அங்குலத்துக்கு 2400×3600, 12×18-க்கு 3600×5400. கேன்வாஸில் ஆயில் பெயின்டிங்குக்கு 150 போதும். சட்டத்தின் மேல் மடித்து அடிக்கும் கேன்வாஸ் என்றால், ஒன்றரை அங்குலச் சட்டத்துக்கு நாலு பக்கமும் 2 அங்குலம் கூடுதலாக விடுங்கள்: 16×24 படத்துக்குக் கோப்பு 20×28, அதாவது 3000×4200 பிக்சல். இதை மறந்தால் தலையோ பாதமோ சட்டத்தின் பக்கவாட்டுக்குப் போய்விடும்.

பிக்சல் போதவில்லையென்றால் முதலில் பெரிதாக்கி, பிறகு ஃபில்டர் போடுங்கள். ஃபில்டர் போட்ட பிறகு பெரிதாக்கினால் தடமும் சேர்ந்து மங்கும்.

பிரிண்ட் போடும் லேப்புக்கு எஸ்ஆர்ஜிபி கலரில், ஜேபிஜி தரம் அதிகபட்சத்தில் கொடுங்கள். கருப்பு வெள்ளை ஸ்கெட்சை லேப் மெஷின் லேசான பச்சை, ஊதா கலந்து அடிக்கலாம். ‘ஆட்டோ கரெக்ஷன் வேண்டாம்’ என்று சொல்லி, முதலில் ஒரு சிறிய மாதிரி போட்டுப் பாருங்கள். லேயர்களோடு உள்ள மூலக் கோப்பை அழிக்காதீர்கள். பெரிய அளவில் மறுபடி கேட்பார்கள்.

அடுத்தவர் எடுத்த போட்டோவை ஓவியமாக்கி விற்கலாமா?

அனுமதி இல்லாமல் கூடாது. இந்தியாவின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, ஒரு படத்தைத் தழுவி வேறு வடிவத்தில் ஆக்கும் உரிமையும் உரிமையாளருக்கே உரியது. ஃபில்டர் போட்டதால் அது உங்களுடையதாகிவிடாது. 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, போட்டோவுக்கு உரிமைக் காலம் எடுத்தவரின் வாழ்நாளும், அவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகளும்.

கல்யாணப் படம் பற்றிப் பலருக்குக் குழப்பம். காசு கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாத வரை, எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர் என்கிறது சட்டத்தின் 17-ஆம் பிரிவு. ஆகவே உங்கள் கல்யாண ஆல்பத்தை நீங்கள் ஓவியமாக்கிக்கொள்ளத் தடையில்லை; ஸ்டுடியோவோடு கையெழுத்திட்ட தாள் இருந்தால் மட்டும் அதை ஒரு முறை எடுத்துப் படித்துவிடுங்கள்.